மருத்துவரும் வழக்கறிஞரும்

நோய் தோன்றுவது உடலகத்தே. அதன் முதற்காரணமோ பல வேளைகளில் உடலுக்குப் புறத்தே கிடக்கின்றது. இவ்வுண்மையை அமெரிக்க நாட்டுப் பாஸ்டன் நகரத்தார் செயலிற் கண்ட வரலாறு அறியத்தக்கது.

அந்நகரப் பொது மருத்துவமனையிலே குழந்தை மருத்துவப் பகுதியின் தலைவராயிருந்தவர் பாரி ஸக்கர்மன் என்பார். இரைப்பு நோயால் வருந்திய ஏழைக் குழந்தைகள் அங்கே மருந்துண்டு தேறிச் செல்வர். சின்னாளில் மீண்டும் மூச்சுத் திணறி வருவர். அவர்கள் குடியிருந்த வாடகை வீடுகளின் சுவர்களில் ஈரங்கசிந்து பூஞ்சணம் படிந்திருந்தது. மருத்துவர் எழுதிய சீட்டுக்கு மருந்துக்கடைக்காரர் மருந்து தருவர். வீட்டுக்காரர் சுவரைச் செப்பனிடுவரோ? வாடகை வீடுகள் உடல் நலத்திற்கு ஊறு செய்யாதிருத்தல் வேண்டும் என்று மாஸசூசெட்ஸ் மாநிலத்தில் விதி உண்டு. அவ்விதியைக் கொண்டு வழக்காடும் வகையை ஏழைத் தாயும் அறியாள், மருத்துவரும் அறியார். ஆகவே 1993-ஆம் ஆண்டில் ஸக்கர்மன் வழக்கறிஞரைத் தம் பகுதியிலேயே பணிபுரியச் செய்தார். நோயாளி, மருத்துவன், மருந்து, உடனிருந்து உதவுவோன் என மருத்துவத்தை நாற்கூறாக்கிய வள்ளுவனார் வழக்கறிஞரை எக்கூற்றில் அடக்குவரோ, யாம் அறியோம்! உதவுவோன் கூற்றில் அடக்கினாற் பிழையின்று போலும்.

இம்முறை பிற நகரங்களிலும், ஆஸ்திரேலியா முதலிய நாடுகளிலும் பரவியது. ஆயினும் இருவகையாரையும் ஒரு கூரையின்கீழ் இருத்துதல் மட்டும் போதாது, பயிற்றுதலும் வேண்டும். அமெரிக்கக் கல்லூரிகள் சிலவற்றில் மருத்துவ மாணவரும் சட்ட மாணவரும் ஒரே வகுப்பில் அமர்ந்து பயில்கின்றனர். வருவாய், வீடு, கல்வி, தொழில், குடும்ப அமைதி ஆகியவற்றை நோயாளியிடம் இன்சொல்லால் வினவ மருத்துவ மாணவர் கற்கின்றனர். அவர் சட்டநூல் முழுதும் கற்க வேண்டுவதில்லை. இது வழக்கறிஞர்பால் அனுப்பத்தக்கது என்று தெளிந்தாற் போதும். சட்ட மாணவரோ மருத்துவக் குறிப்புக்களைப் படித்துணரப் பழகுகின்றனர். “இவ்வீடு நன்றன்று” என்று மருத்துவர் எழுதும் கடிதத்தாற் பயனில்லை; இன்ன நோய், இன்ன காரணத்தால் மிகுகின்றது, இன்னது செய்யப்படல் வேண்டும் என்று வரையறுத்து எழுதுவிக்க வேண்டும்.

இனி, இருவரும் முரணுமிடம் ஒன்றுண்டு. குழந்தையொன்று கொடுமைக்கு ஆளாயிற்று என ஐயுறக் காரணங்கண்டால், அதனை அரசாங்கத்திற்கு அறிவித்தல் மாஸசூசெட்ஸ் மருத்துவர்க்குச் சட்டம் விதித்த கடமை. வழக்கறிஞர்க்கோ கட்சிக்காரர் கூறியதை மறைத்துக் காத்தல் கடமை. வீட்டுச் சுவரைப்பற்றிப் பேசவந்த தாய், கணவன் கைந்நீட்டுவதையும் சொல்லிவிட்டால் என் செய்வது? இவ்வாறு புனைந்துரைத்த வழக்குக்களை இருதிறத்து மாணவரும் எதிரெதிர் வாதித்தே தெளிய வேண்டும். நோயாளியின் இசைவின்றி ஒருவர் அறிந்ததை மற்றவர்க்கு உரைத்தலாகாது. எது மறைவாய் நிற்கும், எது நில்லாது என்பதையும் அவள் பேசத் தொடங்குமுன்னரே அறிவித்தல் வேண்டும். மூச்சுக்குத் திணறும் மகவை மடியில் ஏந்தியிருப்பவளிடம் அதனை எச்சொல்லால் உரைப்பது என்பதே இப்பயிற்சியில் மிக அரிய பாடம் என யாம் கருதுகின்றோம்.