‘வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்’ என்றார் டாக்டர். அதற்கப்புறம்?

ஆம்புலன்ஸில் அப்பா, உங்கள் கையில் ஒரு ஃபைல், ஒரு பை நிறைய மாத்திரை. வீடு வந்து சேர்ந்ததும் மனசில் எழும் கேள்வி: இனிமேல் செய்வதற்கு ஒன்றுமே இல்லையா?

நிறைய இருக்கிறது. நோயைத் தீர்க்க முடியாமல் போகலாம். வலியை, மூச்சிரைப்பை, வாந்தியை, பயத்தைக் குறைக்க முடியும். இதற்கு நோய் ஆதரவு சிகிச்சை (நோய் தீராவிட்டாலும் வேதனையைத் தணிக்கும் மருத்துவம்) என்று பெயர்.

சாகப்போகிறவர்களுக்கு மட்டும்தானா? இல்லை. புற்றுநோய்க்குக் கீமோ நடக்கும்போதே இதையும் சேர்த்துக் கொடுக்கலாம். இதயம், சிறுநீரகம், நுரையீரல் பழுதானவர்களுக்கும், பக்கவாதத்தில் படுத்துவிட்டவர்களுக்கும் உண்டு. கடைசி நேரத்தில்தான் இதன் பெயரையே நம்மிடம் சொல்கிறார்கள் என்பது என் ஆதங்கம்.

வலி தாங்க முடியாதபோது மாத்திரை கொடுத்தால் போதுமா? போதாது. வீட்டில் அதிகம் நடக்கும் தவறு இதுதான். கடும் வலிக்கு டாக்டர்கள் மார்ஃபின் (கசகசாச் செடியின் பாலிலிருந்து எடுக்கும் வலி மருந்து) எழுதுவார்கள். சாதாரண மார்ஃபின் மாத்திரை சுமார் நான்கு மணி நேரம்தான் வேலை செய்யும். வலி ஏறிய பிறகு அதை இறக்குவது கடினம். அதனால் வலி வரும்வரை காத்திருக்காமல், கடிகாரத்தைப் பார்த்துக் கொடுங்கள். ஒரு பழைய நோட்டில் மணியையும் மாத்திரையையும் எழுதி வையுங்கள். யார் கொடுத்தார்கள், கொடுத்தார்களா என்ற சண்டையே வராது.

பழக்கமாகிவிடாதா? மாமா, சித்தி எல்லாரும் இதைத்தான் கேட்பார்கள். வலிக்காக, டாக்டர் சொன்ன அளவில் சாப்பிடுகிறவர்களுக்குப் போதைப் பழக்கம் வருவது அரிது. முதல் இரண்டு மூன்று நாள் தூக்கக் கலக்கமும் குமட்டலும் இருக்கலாம், பிறகு குறையும். மலச்சிக்கல் மட்டும் குறையாது. அதனால் மார்ஃபினோடு மலமிளக்கியும் எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள், இல்லையென்றால் கேளுங்கள். எழுப்பினாலும் எழாமல், மூச்சு மிக மெதுவாகப் போனால் உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள். நீங்களாகத் திடீரென்று நிறுத்தவும் கூடாது. எல்லா மருந்துக் கடையிலும் இது கிடைக்காது. அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைகளில்தான் வாங்க வேண்டியிருக்கும். எனவே மாத்திரை தீர்வதற்கு நாலைந்து நாள் முன்பே வாங்கக் கிளம்புங்கள். வாங்கியதைப் பூட்டி வையுங்கள்.

மூச்சிரைத்தால்? தட்டையாகப் படுக்க வைக்காதீர்கள். உட்கார வைத்து, முன்னால் ஒரு மேசையில் இரண்டு தலையணை அடுக்கி அதில் சாயச் சொல்லுங்கள். டேபிள் ஃபேன் காற்று முகத்தில் படட்டும். ஆச்சரியமாக இருக்கும், அதுவே பாதி ஆறுதல்.

படுக்கைப் புண் வராமல் தடுக்க முடியுமா? பெரும்பாலும் முடியும், ஆனால் உழைப்பு வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டுங்கள். முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணை கொடுத்துச் சற்றுச் சரிவாக வையுங்கள். முழங்கால்களுக்கு நடுவே ஒரு மடித்த போர்வை. குளிப்பாட்டும்போது வால் எலும்பு, இடுப்பு, குதிகால் மூன்றையும் பாருங்கள். நம் நிறத்தில் சிவப்பு எளிதில் தெரியாது. சுற்றியுள்ள தோலைவிடக் கறுத்தோ, சூடாகவோ, கெட்டியாகவோ இருந்தால் அதுதான் ஆரம்பம். அந்த இடத்தைத் தேய்க்காதீர்கள். பாரம் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். காற்றுப் படுக்கை வாங்கினாலும் புரட்டுவதை விடக் கூடாது.

சாப்பிடவே மாட்டேன் என்கிறாரே? நமக்குச் சாப்பாடுதானே அன்பு. இதுதான் மனசை அறுக்கும். நோய் முற்றும்போது பசி தானாக மங்கும். பட்டினியால் அவர் மோசமாகவில்லை. நோய் மோசமாவதால் பசி போகிறது. வற்புறுத்தி ஊட்டினால் புரையேறி நுரையீரலுக்குள் போகலாம். டிரிப்ஸ் ஏற்றச் சொல்லி அலையாதீர்கள். கடைசி நாட்களில் அது வீக்கத்தையும் மூச்சிரைப்பையும் கூட்டக்கூடும். இரண்டு ஸ்பூன் மோர், ஈரத்துணியால் உதட்டை நனைப்பது, அது போதும்.

இதையெல்லாம் செய்கிற அம்மாவுக்கு யார் துணை? ராத்திரி முறை போட்டுக்கொள்ளுங்கள். பார்க்க வருகிறவர்களிடம் பழம் வேண்டாம், ஒரு மணி நேரம் உட்கார்ந்திருங்கள் என்று கூச்சப்படாமல் சொல்லுங்கள்.

உதவிக்கு யாரைக் கேட்பது? தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் நோய் ஆதரவு சிகிச்சையும் சேர்ந்திருக்கிறது. புண்ணுக்குக் கட்டுப் போட, டியூப் பார்க்க நோய் ஆதரவு செவிலியர் வீட்டுக்கே வருவார். இயன்முறை மருத்துவரும் (கைகால் பயிற்சி தருபவர்) வருவார். காசு கிடையாது. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதியுங்கள். வழி தெரியாவிட்டால் 104-ஐ அழையுங்கள். பேசும்போது டிஸ்சார்ஜ் சம்மரி கையில் இருக்கட்டும்.