இணையதளம்: கையால் எழுதுவதா, கருவியால் அமைப்பதா?

நான் செய்த பிழை ஒன்றைக் கூறித் தொடங்குகின்றேன். சில ஆண்டுகளுக்கு முன், ஒரு பள்ளியின் பழைய மாணவர் சங்கத்திற்கு இணையதளம் ஒன்றை நானே எழுதிக் கொடுத்தேன். ஏழே பக்கங்கள், அவற்றுள் ஒன்று கல்வி உதவித்தொகை பற்றிய அறிவிப்பு. ஒருமுறை, விண்ணப்பிக்க வேண்டிய கடைசி நாளைச் சங்கத்தார் ஒரு வாரம் முன்னதாக மாற்றினர். பக்கத்தைத் திருத்தத் தெரிந்தவன் நான் ஒருவனே. நானோ வெளியூரில் இருந்தேன். பழைய நாளை நம்பிய மாணவி ஒருத்தி காலங்கடந்து வந்து, கண்கலங்கித் திரும்பினாள். நான் கற்ற வித்தை அவளுக்கு உதவவில்லை.

இணையதளம் அமைக்கும் வழிகள் பெரும்பாலும் இரண்டு. முதலாவது, கையால் எழுதுவது. ஜெனீவாவை அடுத்த செர்ன் ஆய்வுக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ உருவாக்கிய வலை, 1991இல் பொதுவெளிக்கு வந்தது. எச்.டி.எம்.எல். என்னும் குறிமொழியால், இது தலைப்பு, இது பத்தி, இது இணைப்பு என்று அடையாளமிடுகின்றோம். நிறத்தையும் எழுத்தின் அளவையும் சி.எஸ்.எஸ். வகுக்கின்றது. எழுதிய கோப்பு சர்வரில் இருக்கும். கேட்பவர்க்கு அப்படியே அனுப்பப்படும்.

இரண்டாவது, உள்ளடக்க மேலாண்மை அமைப்பு. 2003இல் மேட் முல்லன்வெக், மைக் லிட்டில் ஆகிய இருவரும் தொடங்கிய வேர்ட்பிரஸ் இவ்வகையினது. இன்று உலகத்து இணையதளங்களுள் பத்தில் நான்கிற்கு மேற்பட்டவை இதனால் இயங்குகின்றன. இதில் செய்திகள் ஒரு தரவுத்தளத்தில் இருக்கும். பக்கத்தின் தோற்றம் தனியே ஓர் அச்சாக இருக்கும். ஒருவர் கேட்டவுடன், பி.எச்.பி. மொழியில் எழுதிய நிரல் செய்தியை எடுத்து, அச்சில் வார்த்துப் பக்கமாக்கித் தருகின்றது.

முன்னது கட்டுச்சோறு, பின்னது விருந்தினர் வந்தபின் சமைத்துப் பரிமாறுவது. கட்டுச்சோற்றுக்கு அடுப்பு வேண்டா. எடுத்துக் கொடுத்தால் போதும். ஆதலின், கையால் எழுதிய பக்கம் விரைந்து வரும், பழுதாவதும் குறைவு. ஆனால், தொலைபேசி எண் ஒன்று மாறினால், அது வரும் பக்கம் ஒவ்வொன்றையும் திருத்த வேண்டும். ஏழு பக்கமாயின் இயலும். எழுநூறாயின் என் செய்வது? சமையலறையிலோ, உப்பை ஓரிடத்தில் மாற்றினால் எல்லா இலைக்கும் மாறிவிடும்.

அந்நிகழ்ச்சிக்குப் பின் சங்கத்தின் தளத்தை வேர்ட்பிரஸுக்கு மாற்றினேன். நிரல் ஏதும் அறியாத செயலாளர் அம்மையார், கடவுச்சொல்லைக் கொண்டு உள்ளே சென்று, கடிதம் எழுதுவது போல் அறிவிப்புகளைத் தாமே வெளியிட்டார். குறை தீர்ந்தது என்று மகிழ்ந்தேன். ஆயினும் அடுப்பு உள்ள வீட்டில் நெருப்பைக் காக்கவும் ஆள் வேண்டுமன்றோ? இரண்டு ஆண்டுகள் ஒருவரும் அதனைப் புதுப்பிக்கவில்லை. பழைய பிளகின் ஒன்றிலிருந்த ஓட்டை வழியே யாரோ புகுந்தனர். ஒரு நாள் காலையில் உதவித்தொகைப் பக்கத்தில் சூதாட்ட விளம்பரம் நின்றது. நல்வாய்ப்பாக, படியெடுத்து வைத்திருந்தமையால் தளத்தை மீட்டோம்.

இவ்விரு அனுபவங்களும் எனக்கு உணர்த்திய உண்மை ஒன்றே. தளத்தை எவ்வாறு கட்டுவது என்பதைவிட, கட்டியபின் அதனைப் பேணுவார் யார் என்பதே முதல் வினா. செய்தி அடிக்கடி மாறுமா? மாற்றுவோர் பலரா? அங்ஙனமாயின் மேலாண்மை அமைப்பே தக்கது. ஆனால் மாதந்தோறும் புதுப்பிக்கவும், படியெடுத்து வைக்கவும் ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். ஆண்டிற்கு ஒருமுறை மட்டும் மாறும் சில பக்கங்களாயின், கையால் எழுதுவதே சிக்கனம். ஆனால் திருத்தும் முறையை இன்னும் ஒருவருக்கேனும் கற்றுக்கொடுங்கள்.

எவ்வழியைத் தேர்ந்தாலும், ஒரு பக்கத்தையேனும் முதலில் உங்கள் கையால் எழுதிப் பாருங்கள். விலை கொடுத்து வாங்க வேண்டிய கருவி எதுவும் இல்லை. கணினியில் உள்ள எளிய எழுதியும் உலாவியும் போதும். உள்ளே நிகழ்வதை அறிந்தவன், கருவி பழுதுற்ற நாளில் கலங்கமாட்டான். அவனை நம்பி வருபவர் ஏமாந்து திரும்பவும் நேராது.