வைர ஆய்வு மாதிரி மதிப்பீட்டில் பெருங்கற்கள்

வைர ஆய்வு மாதிரி என்பது, ஒரு வைரப் படிவு அகழ்வதற்குத் தகுந்ததா என அறியும் பொருட்டு அதிலிருந்து எடுத்துப் பதப்படுத்தப்படும் பாறைத் தொகுதி ஆகும். இதிலிருந்து 100 டன் பாறையில் உள்ள வைரத்தின் எடையும், ஒரு காரட்டின் (0.2 கிராம்) சராசரி விலையும் கணிக்கப்படுகின்றன. மாதிரியில் அகப்படும் ஓரிரு பெரிய கற்கள் இச்சராசரி விலையைப் பெரிதும் மாற்றிவிடக்கூடும்.

விலையும் அளவும்

தங்கத்தின் விலை எடைக்கு ஏற்ப உயரும். வைரம் அவ்வாறன்று. பெரிய கற்கள் அரியவை. ஆதலால் நிறமும் தெளிவும் ஒத்திருப்பினும், 10 காரட் கல் ஒன்றின் விலை, 1 காரட் கற்கள் பத்தின் மொத்த விலையை விடப் பன்மடங்கு மிகுதி.

எடுத்துக்காட்டு

மத்தியப் பிரதேசத்தின் பன்னா மாவட்டத்தில் 2018 இல் கிடைத்த 42.59 காரட் கல், ஏலத்தில் காரட்டுக்கு 6 லட்சம் ரூபாய் வீதம் ஏறத்தாழ 2.55 கோடி ரூபாய்க்கு விற்பனையானது. காரட்டுக்கு 5,000 ரூபாய் பெறும் 1,000 காரட் சிறு கற்கள் கொண்ட மாதிரி ஒன்றைக் கொள்வோம். அதன் மதிப்பு 50 லட்சம் ரூபாய். அதில் மேற்கூறிய கல்லும் சேர்ந்திருந்தால், மொத்த மதிப்பு 3.05 கோடியாகவும் சராசரி ஏறத்தாழ 29,300 ரூபாயாகவும் உயரும். படிவு மாறவில்லை, ஒரே கல் சராசரியை ஏறத்தாழ ஆறு மடங்காக்குகிறது.

இருவகைப் பிழைகள்

தற்செயலாகக் கிடைத்த பெருங்கல்லை அப்படியே கணக்கிட்டால் படிவு மிகைமதிப்புப் பெறும். பெருங்கற்கள் உள்ள படிவிலும் சிறிய மாதிரியில் அவை அகப்படாமற் போகலாம். அப்போது படிவு குறைமதிப்புப் பெறும். லெசோத்தோ நாட்டின் லெட்செங் சுரங்கத்தில் 100 டன்னுக்கு 2 காரட்டுக்கும் குறைவாகவே வைரம் உள்ளது. ஆயினும் பெருங்கற்களால் அது இலாபம் தந்துள்ளது. அங்கு 2018 இல் கிடைத்த 910 காரட் கல் 4 கோடி அமெரிக்க டாலருக்கு விற்கப்பட்டது. துளையிடும்போதும் நொறுக்கும்போதும் பெருங்கற்கள் உடைவதும் குறைமதிப்புக்குக் காரணமாகும்.

திருத்தும் முறை

மதிப்பீட்டாளர்கள் கற்களைச் சல்லடையால் அளவு வாரியாகப் பிரித்து, ஒவ்வொரு வகுப்புக்கும் தனித்தனியே விலை காண்பர். பின்னர் கற்களின் எண்ணிக்கையை மடக்கை அளவுகோலில் வரைவர். எண்ணிக்கை மிகுந்த சிறு கற்களால் அமையும் வளைவை நீட்டி, பெருங்கற்கள் எத்துணை அடிக்கடி கிடைக்கக்கூடும் எனக் கணிப்பர். மாதிரியின் நேரடிச் சராசரிக்கு மாற்றாக இக்கணிப்பிலிருந்து பெறும் விலையே பயன்படுத்தப்படுகிறது.

மாதிரியைப் பெரிதாக்குவது மற்றொரு வழி. ஆனால் செலவு மிக்கது. பன்னாவின் மச்கவான் சுரங்கத்தைப் போல் 100 டன்னுக்கு ஏறத்தாழ 10 காரட் உள்ள படிவில், 1,000 காரட் பெறுவதற்கே 10,000 டன் பாறையை அகழ வேண்டும்.