கண்ணாடி ஓடும் முருகைத் தோட்டமும்

பழைய ஓட்டு வீடுகளில், அடுக்களைக்கு மேலே ஓரிடத்தில், மண் ஓட்டுக்குப் பதிலாக ஒரு கண்ணாடி ஓட்டைப் பதித்திருப்பார்கள். காலையில் மேற்குச் சுவரில் தோன்றும் அந்த வெளிச்சத் துண்டு, உச்சி வேளையில் நிலத்துக்கு இறங்கி அம்மிக்கு அருகே கிடக்கும். பின்னேரம் எதிர்ச் சுவரில் ஏறி மறையும். உலை வைக்கும் நேரத்தை அதைப் பார்த்தே கணித்த பெரியவர்களை நேயர்களிற் பலர் அறிந்திருப்பீர்கள்.

இன்று நான் பேச எடுத்துக்கொண்டது அந்தக் கண்ணாடி ஓட்டின் வழிவந்த ஒரு சாதனத்தைப் பற்றி. வீட்டுக் கூடத்தில் வைத்த கடல்நீர்த் தொட்டியொன்றுக்கு அதன் மூலம் சூரியவொளியூட்டி, அத்தொட்டியினுள் முருகையை வாழவைத்தல் இயலுமா, மட்டக்களப்பு போன்ற ஓர் ஊரிலே அது எவ்வாறு அமையும் என்பதே பொருள்.

முருகைக்கல் என்று நாம் சொல்வதைத் தமிழகத்தார் பவளப்பாறை என்பர். பார்வைக்குக் கல், உண்மையிலோ எண்ணற்ற சிறு பிராணிகள் கூடிக் கட்டிய குடியிருப்பு. ஒவ்வொரு பிராணியும் கடல்நீரிலுள்ள கல்சியத்தைப் பிரித்தெடுத்து, சுண்ணாம்புக் கிண்ணமொன்றைக் கட்டி, அதனுள் அமர்ந்திருக்கும். அதன் தசைக்குள்ளே, வெறுங்கண்ணுக்குப் புலனாகாத ஒருவகை நுண்பாசி குடியிருக்கின்றது. சூரியவொளியைக் கொண்டு அப்பாசி ஆக்கும் சர்க்கரைச் சத்தில் பெரும்பங்கு, குடியிருப்புக்குக் கூலிபோல, முருகைக்குச் சேரும். ஆழமற்ற தெளிந்த நீரில் வாழும் முருகைகள் தமக்கு வேண்டிய சக்தியில் பெரும்பகுதியை இவ்வாறே பெறுகின்றன. ஆகவே முருகைக்கு உணவு கொடுப்பதென்றால், முதலில் ஒளி கொடுப்பது என்று பொருள்.

அதே முருகைக்கு வெப்பம் பகை. ஓரிடத்தின் வழக்கமான கோடை உச்சத்துக்கு மேலே நீரின் வெப்பநிலை ஒரு பாகை செல்சியஸ் கூடி, சில வாரம் நீடித்தாற் போதும். உள்ளிருக்கும் பாசியின் தொழில் குழம்பிவிடும். அந்நிலையில் கடும் ஒளியும் சேர்ந்தால், தீங்கு பயக்கும் ஒட்சிசன் சேர்வைகள் அதிலிருந்து தோன்றும். முருகை அப்பாசியை வெளியே தள்ளிவிடும். பாசி நீங்கினால் நிறமும் நீங்கி, வெண் சுண்ணாம்பு தசையினூடே தெரியும். இதுவே முருகை வெளிறல். 1998ஆம் ஆண்டிலே இலங்கையைச் சூழ்ந்த கடல்களில் இது பெருஞ்சேதம் விளைத்தது. 2016இல் மீண்டும் வந்தபோது பாசிக்குடாவும் காயாங்கேணியும் தப்பவில்லை.

ஒளி வேண்டும், வெப்பம் ஆகாது. ஞாயிற்றிடமிருந்தோ இரண்டும் ஒன்றாகவே வருகின்றன. வீட்டுத் தொட்டியின் சிக்கல் பெரும்பாலும் இதற்குள்ளேயே அடங்கும்.

முருகையைத் தொட்டியில் வாழவைக்கும் முயற்சியில் முன்னோடியாகப் பேசப்படுபவர் ஜகார்த்தா நகரில் வாழ்ந்த லீ சின் எங் என்பவர். பெரும் இயந்திரங்கள் எவற்றையும் அவர் நாடவில்லை. கடலிலிருந்து எடுத்த உயிர்ப்புள்ள கற்கள், கடல்நீர், மெல்லிய காற்றுக் குமிழிகள், சூரியவொளி, இவ்வளவே. தமது முறையை 1961ஆம் ஆண்டில் அமெரிக்க மீன்வளர்ப்புச் சஞ்சிகையொன்றில் அவர் விளக்கி எழுதினார். நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே ஜகார்த்தா ஏறத்தாழ ஆறு பாகையில் இருக்கின்றது. வடக்கே மட்டக்களப்பு ஏறத்தாழ ஏழேமுக்காற் பாகையில். அவருக்குக் கிடைத்த வெயில்தான் நமக்கும் கிடைக்கின்றது.

குளிர்நாட்டாருக்கு அவ்வாய்ப்பு இல்லை. ஆகவே 1980களில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் முருகை வளர்த்தோர், 250 வாற்று, 400 வாற்று மின்விளக்குகளைத் தொட்டியின் மேலே தொங்கவிட்டனர். அவை ஒளியோடு கடும் வெப்பத்தையும் பொழிந்தன; அவ்வெப்பத்தைப் போக்கக் குளிரூட்டும் பொறி வேண்டியிருந்தது; அதற்கும் மின்சாரம் வேண்டியிருந்தது. பின்னர் வந்த எல்.ஈ.டி. விளக்குகள் செலவைக் குறைத்தன. ஆயினும் பட்டப்பகலில் வெயில் கொளுத்தும் ஓர் ஊரிலே, யன்னலை மூடிக்கொண்டு மின்விளக்கால் ஒரு பொய்ப் பகலை ஆக்குவது எனக்கு எப்பொழுதும் சற்று வேடிக்கையாகவே தோன்றும்.

அப்படியானால் தொட்டியை யன்னலோரம் வைத்தாலென்ன? முதலிற் பலரும் அதைத்தான் செய்வர். யன்னல் வெயில் பக்கவாட்டில் வரும். தொட்டியின் கண்ணாடியெங்கும் பச்சைப் பாசி படரும். கடலிலே மேலிருந்து ஒளி பெற்றுப் பழகிய முருகை ஒருபுறமாகச் சாயும். மேற்கு யன்னலானால், பின்னேர வெயிலில் கண்ணாடியும் நீரும் சூடேறிவிடும். மேலிருந்து வரும் ஒளியே முருகைக்கு இயல்பானது. அதற்குக் கூரையைத்தான் நாடவேண்டும்.

இங்கேதான் நமது கண்ணாடி ஓட்டின் வழித்தோன்றல் வருகின்றது. கூரை ஒளிக்குழாய் என்று அதனை அழைப்போம். கூரைமேல் கவிழ்த்த கிண்ணம்போல் ஒளிபுகும் மூடி. அதன் கீழே, உட்புறம் ஆடிபோல் மினுக்கிய உலோகக் குழாய். அதன் கீழ்வாயில், உட்கூரை மட்டத்தில், ஒரு தெளிந்த தட்டு. அவ்வளவுதான். அவுஸ்திரேலியாவில் உருவாகி, 1990களின் தொடக்கம் முதல் பல நாடுகளுக்கும் பரவிய இச்சாதனம், பெரும்பாலும் 25 அல்லது 35 சென்ரிமீற்றர் விட்டமுடையதாகக் கிடைக்கின்றது.

கண்ணாடி ஓட்டின் ஒளி அறையெங்கும் அலையும். குழாயோ காலை வெயிலையும் மாலை வெயிலையும் தன் சுவர்களிலே தெறிக்கச்செய்து ஒரே இடத்துக்குக் கொணரும். ஆனால் ஒவ்வொரு தெறிப்பிலும் சிறிது ஒளி இழக்கப்படும். குழாயின் மதிப்பு அந்த இழப்பைப் பொறுத்தது. ஒன்றேகால் மீற்றர் நீளமும் 35 சென்ரிமீற்றர் விட்டமும் கொண்ட குழாயொன்றை எண்ணுங்கள். மார்கழி உச்சி வேளையில் மட்டக்களப்பிலே சூரியன் அடிவானிலிருந்து ஏறத்தாழ 59 பாகை உயரத்தில் நிற்கும். அப்போது கதிர் குழாய்க்குள் இரண்டு முறை தெறித்துக் கீழே வந்துவிடும். காலையில், சூரியன் இருபது பாகை உயரத்தில் நிற்கும்போதோ, ஒன்பது பத்து முறை தெறிக்கவேண்டும். தெறிப்புக்கு நூற்றில் ஒரு பங்கை மட்டும் இழக்கும் சிறந்த படலமானால், ஒன்பது தெறிப்புக்குப் பின்னும் நூற்றுக்கு 91 பங்கு எஞ்சும். நூற்றில் 15 பங்கை இழக்கும் சாதாரண அலுமினியத் தகடானால், எஞ்சுவது 23 பங்கே. ஊரில் தகர வேலை செய்பவரிடம் மலிவாகக் குழாய் செய்விக்கலாம் என்று நினைப்பவர்கள் இக்கணக்கை ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. நடுப்பகலுக்கு அத்தகடு போதும். காலை மாலைக்குப் போதாது.

இரண்டு லீற்றர்ப் பிளாஸ்திக்குப் போத்தலில் நீர் நிரப்பிக் கூரையிற் பொருத்தும் முறையும் உண்டு. பிரேசில் நாட்டுத் தொழிலாளி அல்பிரெடோ மோசர் 2002 அளவில் கண்ட அம்முறை, இருண்ட குடிசைகளுக்கு அருமையான விளக்கு. முருகைக்கு அது போதவே போதாது.

எவ்வளவு ஒளி போதும்? தொண்ணூறு சென்ரிமீற்றர் நீளமும் நாற்பத்தைந்து சென்ரிமீற்றர் அகலமும் உள்ள தொட்டியின் மேற்பரப்பு, அந்த 35 சென்ரிமீற்றர்க் குழாயின் வாயைப்போல் நான்கு மடங்கு. குழாயிலும் மூடியிலும் தட்டிலும் பாதி ஒளி கழிந்துபோகும் என்று தாராளமாகக் கொண்டால், தொட்டியிற் பரவுவது வெளி வெயிலில் எட்டில் ஒரு பங்கு. இது குறைவு எனத் தோன்றும். ஆனால் தெளிந்த கடலில் இருபது மீற்றர் ஆழத்தில் வாழும் முருகைக்குக் கிடைப்பதும் ஏறக்குறைய இவ்வளவே. ஆழங்குறைந்த இடத்து இனங்களுக்கு இரண்டு குழாய்கள் வேண்டும். குழாயின் கீழ்வாயும் நீர்மட்டத்துக்கு மிக அருகே இருத்தல் வேண்டும்.

இனி வெப்பத்தின் கணக்கைப் பாருங்கள். உச்சி வெயில் ஒரு சதுர மீற்றரிற் கொட்டும் சக்தி ஏறத்தாழ ஆயிரம் வாற்று. நமது குழாயின் வாய் அதில் பத்தில் ஒரு பங்கு. எனவே நடுப்பகலிலும் அதனுள் இறங்கும் சக்தி நூறு வாற்றைத் தாண்டாது. சிலவகைப் படலங்கள் கட்புல ஒளியை மட்டும் தெறித்து, சூடு தரும் செங்கீழ்க் கதிர்களிற் பெரும்பகுதியைக் குழாய்க்கு வெளியே விட்டுவிடுகின்றன. மேல் மூடிக்கும் கீழ்த் தட்டுக்கும் இடையே அடைபட்ட காற்றும் ஒரு போர்வையாகின்றது. ஒன்றாகவே வந்த ஒளியும் வெப்பமும் முற்றாகப் பிரிந்தன என்று சொல்லமாட்டேன். வெப்பம் பெருமளவு வாயிலில் தடுத்து நிறுத்தப்படுகின்றது.

மட்டக்களப்பில் தொட்டியைச் சூடேற்றும் பெருங்காரணம் கூரையன்று, காற்றே. வைகாசி முதல் ஆவணி வரை மலைநாட்டைக் கடந்து வறண்டு வரும் கச்சான் காற்று அறையையே அடுப்பாக்கிவிடும். அந்நாளில் தொட்டி நீர் 30 பாகையைத் தாண்டும். இதற்கு மருந்தும் அந்தக் காற்றிலேயே இருக்கின்றது. நீர்ப்பரப்பின்மேல் ஒரு சிறு மின்விசிறியை வீசவிட்டால், வறண்ட காற்றில் நீர் விரைந்து ஆவியாகி, வெப்பநிலை இரண்டு மூன்று பாகை தணியும். மண்பானைத் தண்ணீர் குளிரும் அதே விதி. ஆவியான அளவுக்கு மழைநீரை ஊற்றவேண்டும். கடல்நீரை ஊற்றினால் உப்பு ஏறிவிடும். தொடக்கத்தில் நிரப்பும் நீரைத் திறந்த கடலிலிருந்தே எடுத்தல் வேண்டும். வாவி நீரும், மாரியில் முகத்துவாரம் வெட்டுண்டபின் அங்கு கலங்கி நிற்கும் நீரும் உதவா.

இன்னுமோர் எச்சரிக்கை. சித்திரைப் புத்தாண்டுக்குச் சில நாள் முன்னும், செப்டெம்பர் மாதத் தொடக்கத்திலும், நண்பகலிற் சூரியன் மட்டக்களப்புக்கு நேர் உச்சியில் நிற்கும். அப்போது கதிர் தெறியாமலே குழாயினூடாக நேரே இறங்கும். ஒளி ஆண்டின் உச்சத்தை அடையும். சித்திரையில் வெப்பமும் உடன் ஏறும். கடலில் வெளிறலை விளைக்கும் அதே இரட்டைப் பகை இது. ஆகவே குழாயினுள் திருப்பி மூடத்தக்க ஒரு வட்டத் தகட்டை வைத்து, நண்பகலில் இரண்டு மணி நேரம் பாதி மூடுதல் நன்று. விளக்கடியில் வளர்ந்த முருகையைக் குழாயின் கீழ் மாற்றுவோரும் முதற் சில வாரம் மெல்லிய வலைத்துணியால் நிழல் கொடுக்கவேண்டும்.

மாரி வேறுவகைச் சோதனை. கார்த்திகை முதல் தை வரை நாட்கணக்காக வானம் மூடிக்கிடக்கும். ஒளி ஐந்திலொன்றாகவும் பத்திலொன்றாகவும் குறையும். கடலில் முருகை இதனைப் பொறுத்துக்கொள்ளும். மிதக்கும் நுண்ணுயிர்களைப் பிடித்தும் உண்ணும். தொட்டியிலே அதற்கு ஒரு சிறு எல்.ஈ.டி. விளக்கும், இடைக்கிடை நுணுக்கிய இறாலும் துணை. கூரையைத் துளைத்த இடம் ஒழுகாதவாறு ஈயத் தகடோ இறப்பரோ கொண்டு நன்கு அடைக்கவேண்டும் என்பதை, 1978 நவம்பர் 23ஆம் திகதிச் சூறாவளியைக் கண்ட ஊராருக்கு நான் சொல்லத் தேவையில்லை.

குழாய் இரவிலும் பயன்படுகின்றது. நிலவொளி அதனூடாக வளர்ந்தும் தேய்ந்தும் இறங்கும். பல முருகையினங்கள் முழுநிலாவை அடுத்த இரவுகளிற் கருவணுக்களை ஒருங்கே வெளிவிடுகின்றன என்பதை, 1980களின் தொடக்கத்தில் அவுஸ்திரேலியப் பெருந்தடுப்புப் பாறையில் ஆராய்ந்தோர் கண்டனர். விளக்குப் போட்டவர்கள் நிலவுக்கும் தனியே ஒரு நீல விளக்கை வாங்குகிறார்கள்.

இவ்வளவும் கேட்டபின், அந்த முருகையை எங்கே எடுப்பது என்று நேயர்கள் வினவலாம். இலங்கையில் உயிருள்ள முருகையைக் கடலிலிருந்து பெயர்த்தெடுப்பது சட்டவிரோதம். அச்சட்டம் காரணமின்றி வந்ததன்று. ஒருகாலத்தில் கல்குடாப் பகுதி முருகைக்கற்கள் சுண்ணாம்புச் சூளைகளுக்குச் சென்றன. பின்னர் வெளிறல் வந்தது. எஞ்சியதைக் காக்கவே 2019இல் காயாங்கேணிக் கடற்பகுதி சரணாலயமாக்கப்பட்டது. தொட்டிக்காக அங்கே ஒரு கிளையை ஒடிப்பவருக்கு நான் இன்று கூறிய கணக்குகளில் ஒன்றையும் கொடுக்க எனக்கு விருப்பமில்லை.

இலண்டனிலும் டொரன்ரோவிலும் குடியேறிய நம்மவர்க்குப் பண்ணைகளில் வளர்த்த முருகைத் துண்டுகள் கடையிலேயே கிடைக்கின்றன. அவர்களுக்கு இல்லாதது வெயில். மார்கழி நண்பகலில் இலண்டன் சூரியன் பதினைந்து பாகைக்கு மேல் எழாது. பகலும் எட்டு மணி நேரம் நிறையாது. அங்கே குழாய் கோடைக்குத் துணையாகும். மாரி முழுவதும் விளக்கே கதி. வெயில் உள்ள இடத்தில் முருகை எடுக்கலாகாது. முருகை விற்கும் இடத்தில் வெயில் இல்லை.

மட்டக்களப்பிலிருப்பவர் கைவெறுமையாய் இருக்கவேண்டுமென்பதில்லை. உரிய அனுமதி பெற்ற ஆய்வுகூடங்கள், ஒடிந்த துண்டுகளைப் பேணி மீண்டும் கடலில் நடுவதற்கு இத்தகைய ஒளிக்குழாய்த் தொட்டிகளைப் பயன்படுத்தலாம். வீட்டில் வைப்பவர்க்குக் கரையோரக் கற்களிற் படரும், கீரையிலை போன்ற பச்சைக் கடற்பாசி ஒரு கைப்பிடி போதும். அதுவும் ஒளியை உண்டு வாழ்வதே. நல்ல வெயில் நாளில், பதினொரு மணியளவில், குழாயின் ஒளி நேராக விழும்போது அதன் இலைகளில் ஊசிமுனையளவு ஒட்சிசன் குமிழிகள் அரும்பி, ஒன்றன்பின் ஒன்றாக மேலெழும். தகட்டைத் திருப்பிக் குழாயை மூடிப்பாருங்கள். சிறிது நேரத்தில் அவை நின்றுவிடும். திறந்தால் மீண்டும் தொடங்கும்.