2-மெத்தாக்ஸிஎஸ்ட்ராடையால்

2-மெத்தாக்ஸிஎஸ்ட்ராடையால் என்பது, எஸ்ட்ராடையால் என்னும் இயக்குநீர் (ஹார்மோன்) மனித உடலில் வேதிமாற்றம் அடையும்போது இயற்கையாக உருவாகும் ஒரு ஸ்டீராய்டு ஆகும். ஈஸ்ட்ரோஜன் வகை இயக்குநீர்களுள் எஸ்ட்ராடையால் வலிமை மிக்கது. மார்பகம், கருப்பை ஆகியவற்றின் உயிரணுக்களை (செல்களை) அது பெருகத் தூண்டுகிறது. அதிலிருந்து பிறக்கும் இச்சேர்மமோ, ஆய்வகத்தில் வளர்க்கப்படும் பல வகைப் புற்றுநோய் உயிரணுக்களின் பெருக்கத்தைத் தடுக்கிறது. இக்காரணத்தால் 1990கள் முதல் இது புற்றுநோய் மருந்தாக ஆராயப்பட்டது. எனினும், இன்றுவரை புற்றுநோய் மருத்துவத்தில் அங்கீகரிக்கப்பட்ட மருந்தாக இது இடம்பெறவில்லை.

உருவாகும் விதம்

எஸ்ட்ராடையால் பெண்களின் சூலகங்களில் மிகுதியாகவும், ஆண்களின் உடலில் சிறிதளவும் சுரக்கிறது. தன் பணி முடிந்தபின் அது பல வழிகளில் மாற்றப்பட்டு வெளியேற்றப்படுகிறது. அவற்றுள் ஒரு வழியே இங்குக் கருதத்தக்கது. இது இரண்டு படிகளில் நிகழ்கிறது.

முதற்படியில், கல்லீரலில் உள்ள சைட்டோகுரோம் பி450 குடும்பத்து நொதிகள் மூலக்கூறின் இரண்டாம் கார்பனில் ஒரு ஹைட்ராக்சில் தொகுதியைச் சேர்க்கின்றன. இதனால் 2-ஹைட்ராக்ஸிஎஸ்ட்ராடையால் கிடைக்கிறது. இரண்டாம் படியில், கேட்டகோல்-ஓ-மெத்தில்டிரான்ஸ்ஃபெரேஸ் என்னும் நொதி அந்த ஹைட்ராக்சில் தொகுதியுடன் ஒரு மெத்தில் தொகுதியை இணைக்கிறது. எஸ்ட்ராடையாலில் 18 கார்பன், 24 ஹைட்ரஜன், 2 ஆக்சிஜன் அணுக்கள் உள்ளன. இறுதியில் கிடைக்கும் சேர்மத்தில் 19 கார்பன், 26 ஹைட்ரஜன், 3 ஆக்சிஜன் அணுக்கள் உள்ளன. இந்தச் சிறு மாற்றத்தால் ஈஸ்ட்ரோஜன் ஏற்பியுடன் பிணையும் திறன் பெரிதும் குறைந்துவிடுகிறது.

எஸ்ட்ராடையாலின் நான்காம் கார்பனில் ஹைட்ராக்சில் தொகுதி சேரும் வேறொரு வழியும் உண்டு. அதில் உருவாகும் 4-ஹைட்ராக்ஸிஎஸ்ட்ராடையால், மரபுப்பொருளான டி.என்.ஏ.வைச் சேதப்படுத்தக்கூடிய குயினோன்களாக மாறும் இயல்புடையது. ஆகவே, ஒரே இயக்குநீர் எந்த வழியில் செல்கிறது என்பதைப் பொறுத்து விளைவுகள் வேறுபடுகின்றன.

உயிரணுப் பிரிவைத் தடுக்கும் விதம்

ஓர் உயிரணு இரண்டாகப் பிரியும்போது, அதன் குரோமோசோம்கள் சமமாகப் பங்கிடப்பட வேண்டும். இப்பணியைச் செய்பவை கதிர்க்கோல் இழைகள். இவை நுண்குழல்களால் ஆனவை. டியூபுலின் என்னும் புரத அலகுகள் செங்கற்களைப்போல ஒன்றன்மேல் ஒன்று அடுக்கப்பட்டு நுண்குழல் உருவாகிறது. ஒரு முனையில் அலகுகள் சேர்வதும் கழல்வதுமாக அது ஓயாமல் நீண்டு குறுகிக்கொண்டே இருக்கும்.

2-மெத்தாக்ஸிஎஸ்ட்ராடையால் டியூபுலினுடன் பிணைந்து இந்த நீளல்-குறுகல் இயக்கத்தைக் குலைக்கிறது. கதிர்க்கோல் சரியாக அமையாததால் உயிரணு பிரிவின் நடுவிலேயே நின்றுவிடுகிறது. நெடுநேரம் அவ்வாறு நின்ற உயிரணு, இறுதியில் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும் செயல்முறைக்குள் செல்கிறது. அடிக்கடி பிரியும் உயிரணுக்களே இதனால் மிகுதியாகப் பாதிக்கப்படுகின்றன.

இது பிணையும் இடம், கால்ச்சிசின் என்னும் நச்சுப்பொருள் டியூபுலினில் பிணையும் அதே இடமாகும். தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தளின் கிழங்கிலும் விதையிலும் இருப்பது இந்தக் கால்ச்சிசினே. செடி தன் பாதுகாப்புக்காக உண்டாக்கும் நஞ்சும், நம் உடலில் உருவாகும் ஸ்டீராய்டும் ஒரே புரதத்தின் ஒரே இடத்தைப் பற்றுகின்றன. ஆயினும் கால்ச்சிசின் அளவுக்கு இது வலிமையாகப் பிணைவதில்லை.

இரத்தக் குழாய்களின் மீதான விளைவு

புற்றுக்கட்டி ஓரளவுக்கு மேல் வளர வேண்டுமானால் அதற்கு உணவும் ஆக்சிஜனும் கொண்டுவரப் புதிய இரத்தக் குழாய்கள் தேவை. இக்கருத்தை 1971இல் அமெரிக்க அறுவை மருத்துவர் ஜூடா ஃபோக்மன் முன்வைத்தார். 2-மெத்தாக்ஸிஎஸ்ட்ராடையால் குழாய்களின் உட்சுவர் உயிரணுக்கள் பெருகுவதையும் தடுக்கிறது. மேலும், ஆக்சிஜன் குறையும்போது கட்டியைக் காக்கும் மரபணுக்களை இயக்குகிற எச்.ஐ.எஃப்-1 என்னும் புரதத்தின் அளவையும் குறைக்கிறது என்று 2003இல் வெளியான ஆய்வு காட்டியது. நுண்குழல்கள் குலைவதே இதற்கும் காரணம் என அவ்வாய்வு விளக்கியது.

ஆய்வு வரலாறு

1989இல் தென்னாப்பிரிக்க ஆய்வாளர்கள், இச்சேர்மம் பிரியும் நிலையிலுள்ள மார்பக, கருப்பைவாய்ப் புற்றுநோய் உயிரணுக்களைத் தாக்குவதைப் பதிவு செய்தனர். 1994இல் இரண்டு முக்கியக் கட்டுரைகள் வெளிவந்தன. ஃபோட்சிஸ் குழுவினர் நேச்சர் இதழில், இரத்தக் குழாய் உருவாக்கத்தையும் கட்டி வளர்ச்சியையும் இது தடுப்பதாக அறிவித்தனர். ஃபோக்மன் உள்ளிட்ட டி'அமாடோ குழுவினர், இது கால்ச்சிசின் பிணையும் இடத்தில் பிணைவதை நிறுவினர்.

மருந்தாக்கும் முயற்சி

அமெரிக்காவின் என்ட்ரிமெட் நிறுவனம் இதனைப் பான்செம் என்னும் பெயரில் மருந்தாக்க முயன்றது. மார்பகப் புற்றுநோய், புராஸ்டேட் புற்றுநோய், பல்கிய மைலோமா முதலிய நோய்கள் உள்ளவர்களிடம் சோதனைகள் நடந்தன. 2005இல் வெளியான புராஸ்டேட் புற்றுநோய் ஆய்வில் நாள்தோறும் 400 அல்லது 1,200 மில்லிகிராம் வாய்வழியே கொடுக்கப்பட்டது. நோயாளிகள் பெரும்பாலும் மருந்தைத் தாங்கிக்கொண்டனர். ஆனால் இரத்தத்தில் அது எதிர்பார்த்த அளவை எட்டவில்லை.

இதற்குக் காரணம் உடலின் இயல்பான துப்புரவுப் பணியே. விழுங்கிய மருந்தைக் குடலும் கல்லீரலும் விரைவில் செயலற்ற சேர்மங்களாக மாற்றிவிடுகின்றன. மருந்தை மிகச் சிறு துகள்களாக்கிக் கொடுத்தும் போதிய பயன் கிடைக்கவில்லை. புற்றுநோய்க்கான முயற்சி பின்னர் கைவிடப்பட்டது. விரைவில் சிதையாதபடி மாற்றியமைத்த ஒத்த சேர்மங்கள் தொடர்ந்து ஆராயப்படுகின்றன.

கவனிக்க வேண்டியவை

ஆய்வகத்தில் உயிரணுப் பிரிவைத் தடுக்கத் தேவைப்பட்ட செறிவு மைக்ரோமோல் அளவிலானது. உடலில் இயற்கையாக இருப்பது அதைவிட மிகக் குறைவு. இதன் அளவு உயரும் கர்ப்பகாலத்தில்கூட அது நானோமோல் அளவிலேயே இருக்கும். ஒரு மைக்ரோமோல் என்பது 1,000 நானோமோல் என்பதை நினைவில் கொண்டால் இடைவெளி விளங்கும். எனவே, நம் உடலே புற்றுநோய்க்கு மருந்து சுரக்கிறது என்று இதனைப் பொருள் கொள்வது பிழை.

குறைந்த செறிவில் இச்சேர்மம், ஈஸ்ட்ரோஜன் ஏற்பியுடைய சில மார்பகப் புற்றுநோய் உயிரணுக்களைத் தூண்டியதாகவும் ஆய்வுகள் உண்டு. அத்தகைய புற்றுநோய்க்குத் தமாக்சிஃபென் போன்ற, ஈஸ்ட்ரோஜனின் வேலையைத் தடுக்கும் மருந்துகளே பயன்பட்டு நிலைபெற்றவை. ‘இயற்கையானது’ என்ற சொல்லை நம்பி அவற்றை நிறுத்துவதும், ஈஸ்ட்ரோஜன் சார்ந்த ஊட்டப்பொருள்களைத் தாமாக உட்கொள்வதும் ஆபத்தாக முடியும். சிகிச்சையில் எந்த மாற்றமும் புற்றுநோய் மருத்துவரின் அறிவுரைப்படியே செய்யப்பட வேண்டும்.