பழைய சிடி டிரைவில் பாட்டு: எந்த கெபாசிட்டர் வாங்கலாம்?

புதிய கம்ப்யூட்டர் வந்ததும் பழையதைப் பிரித்து எடைக்குப் போடுபவரா நீங்கள்? அதிலிருக்கும் சிடி ரோம் டிரைவை மட்டும் ஒரு முறை பாருங்கள். முகப்பில் பிளே பட்டனும், பின்பக்கம் 'டிஜிட்டல் ஆடியோ' என்று குறித்த இரண்டு பின் கனெக்டரும் இருந்தால் அதைக் கொடுத்துவிடாதீர்கள். 5 வோல்ட்டும் 12 வோல்ட்டும் கொடுத்தால் போதும், கம்ப்யூட்டர் இல்லாமலே அது பாட்டு சிடியைப் படித்து, அதிலுள்ள எண்களை அந்த இரண்டு பின்கள் வழியாக வெளியே அனுப்பும். இதற்குப் பெயர்தான் சிடி டிரான்ஸ்போர்ட். எண்களை ஒலியாக மாற்றுவது டிஜிட்டல் இன்புட் உள்ள ஆம்ப்ளிஃபயரின் வேலை.

இதைச் செய்யக் கிளம்புபவர்கள் முதலில் கேட்பது, "எந்த கெபாசிட்டர் போட்டால் பாட்டு நன்றாக இருக்கும்?" என்பதுதான். ஆடியோவுக்கென்றே தங்க நிற உறையில் விலை அதிகமான கெபாசிட்டர்கள் விற்கிறார்கள். என் கருத்து, டிரான்ஸ்போர்ட்டுக்கு அவை தேவையில்லை. பாட்டு சிடியில் ஒரு விநாடிக்கு 44,100 முறை, இரண்டு சேனலுக்கும் 16 பிட் எண்கள் வருகின்றன. கெபாசிட்டர் விலை கூடினால் அந்த எண் மாறப்போவதில்லை. பணத்தைப் பவர் சப்ளையில் போடுங்கள். டிரைவ் ஓடுமா, நின்றுவிடுமா என்பது அங்கேதான் முடிவாகிறது.

12 வோல்ட் பக்கத்தைப் பார்ப்போம். 15 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர், நான்கு டயோடு, ஒரு பெரிய எலக்ட்ரோலிடிக் கெபாசிட்டர், பிறகு 7812 ரெகுலேட்டர் ஐ.சி. டயோடுகளைத் தாண்டி வரும் மின்சாரம் விநாடிக்கு 100 முறை ஏறி இறங்கும். இரண்டு ஏற்றங்களுக்கு நடுவே உள்ள 10 மில்லி விநாடி நேரம் கெபாசிட்டர்தான் டிரைவைத் தாங்கவேண்டும். நம் வீட்டுத் தண்ணீர்த் தொட்டி மாதிரிதான். டிரைவ் 1 ஆம்பியர் இழுத்தால், 4700 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரில் வோல்டேஜ் சுமார் 2 வோல்ட் இறங்கும். 1000 மைக்ரோஃபாரட் போட்டால் 10 வோல்ட் வரை இறங்கிவிடும். 7812க்கு உள்ளே குறைந்தது 14, 14.5 வோல்ட்டாவது வேண்டும். சாயங்காலம் லைனில் 200 வோல்ட் மட்டும் வரும் வீடுகளில், 4700 இருந்தால் எப்படியோ 15 வோல்ட் மிஞ்சும். 1000 என்றால் டிரைவ் சிடியைச் சுழற்றத் தொடங்கும்போதே நின்றுவிடும்.

அப்படியானால் 22,000 போட்டால் இன்னும் நல்லதா? இல்லை. ஸ்விட்ச் போட்டவுடன் அது இழுக்கும் கரண்ட் டயோடுகளைப் பதம் பார்க்கும், டிரான்ஸ்ஃபார்மரும் சூடாகும்.

அடுத்து வோல்டேஜ். 15 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மருக்கு 16 வோல்ட் கெபாசிட்டர் போதும் என்று தோன்றும். போதாது. 15 வோல்ட் ஏ.சி.யின் உச்சம் 21 வோல்ட். இரவில் லைன் 250க்கு ஏறினால் 23. லோடு இல்லாதபோது இன்னும் கூடும். ஆகவே 35 வோல்ட் வாங்குங்கள். 5 வோல்ட் பக்கம் 9 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் என்றால் 25 வோல்ட் போதும்.

இனிமேல்தான் முக்கியமான விஷயம். கெபாசிட்டர் உறையில் 85 அல்லது 105 டிகிரி என்று அச்சிட்டிருக்கும். எங்கள் காஞ்சிபுரத்தில் கத்திரி வெயிலில் 40 டிகிரி தாண்டுவது சாதாரணம். மூடிய பெட்டிக்குள், ரெகுலேட்டரின் ஹீட்சிங்க் பக்கத்தில் 65 டிகிரி வரை போகலாம். வெப்பம் 10 டிகிரி குறைந்தால் எலக்ட்ரோலிடிக் கெபாசிட்டரின் ஆயுள் இரட்டிப்பாகும் என்பது இத்துறையில் பொதுக் கணக்கு. 2000 மணி நேரம் என்று போட்ட 85 டிகிரி கெபாசிட்டர், 65 டிகிரியில் 8000 மணி நேரம் உழைக்கும். அதே 2000 மணி போட்ட 105 டிகிரி கெபாசிட்டர் 32,000 மணி உழைக்கும். விலை வித்தியாசம் சில ரூபாய்தான். நிச்சிகான், ரூபிகான், பானாசோனிக் ஆகியவை ஜப்பான் பெயர்கள். கேரள அரசின் கெல்ட்ரான் கண்ணூரில் தயாரிப்பதும் உண்டு.

மலிவான கெபாசிட்டர் என்ன செய்யும் என்பதைக் கம்ப்யூட்டர் உலகம் ஏற்கனவே பார்த்துவிட்டது. 2000ஆம் ஆண்டுக்குப் பிந்தைய சில வருடங்களில் உலகமெங்கும் மதர்போர்டுகளில் கெபாசிட்டர்களின் தலை வீங்கி, உள்ளிருந்த திரவம் கசிந்தது. தன் ஆப்டிபிளக்ஸ் கம்ப்யூட்டர்களைச் சரிசெய்ய டெல் நிறுவனம் 2005ல் சுமார் 30 கோடி டாலர் ஒதுக்கவேண்டி வந்தது. அதனால் பழைய போர்டிலிருந்து கழற்றிய கெபாசிட்டர் வேண்டாம். சென்னை ரிச்சி தெருவில் வாங்கும்போதும் தலை தட்டையாக இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள்.

ரெகுலேட்டரின் இன்புட்டில் 0.33, அவுட்புட்டில் 0.1 மைக்ரோஃபாரட் செராமிக் கெபாசிட்டர்களைக் கால்களுக்கு ஒட்டியே வையுங்கள். தள்ளி வைத்தால் பயனில்லை.

பாட்டு போகும் பாதையில் வரும் கெபாசிட்டர் ஒன்றே ஒன்றுதான். டிரைவின் டிஜிட்டல் பின்னில் பெரும்பாலும் 5 வோல்ட் அளவில் சிக்னல் வரும். ஆம்ப்ளிஃபயருக்குத் தேவை அரை வோல்ட். ஆகவே ஒரு 0.1 மைக்ரோஃபாரட், தொடராக 330 ஓம், கிரவுண்டுக்கு 100 ஓம். இந்த 0.1ம் சாதாரண செராமிக்கே போதும்.

கடைசியாக ஒரு எச்சரிக்கை. எலக்ட்ரோலிடிக் கெபாசிட்டரில் மைனஸ் கோடு இருக்கும் கால் மைனஸுக்கே போகவேண்டும். மாற்றி வைத்தால் வெடிக்கும். டிரான்ஸ்ஃபார்மரின் 230 வோல்ட் பக்கத்துக்கு ஃபியூஸ் போட்டு, நன்றாக மூடுங்கள். அந்தப் பக்கம் கை வைக்கத் தயக்கமாக இருந்தால், 12 வோல்ட், 5 வோல்ட் இரண்டும் தரும் ஹார்டு டிஸ்க் அடாப்டர் ரெடிமேடாகவே கிடைக்கிறது. டிரைவின் லேபிளில் உள்ள ஆம்பியரை அது தருகிறதா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள்.