கைக்கருவியைக் காக்கும் ரப்பர் வளையம்

"கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது" என்பது நம் முன்னோர் வாக்கு. அறிவியல் கருவிகளிலும் இத்தகைய கடுகுகள் உண்டு. வில்லையையும் முப்பட்டகத்தையும் வியந்து பேசும் நாம், அவற்றைச் சுற்றிப் பதிந்திருக்கும் சிறு ரப்பர் வளையத்தை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. ஆயினும், கருவி மெய் சொல்வதும் பொய் சொல்வதும் பல நேரங்களில் அந்த வளையத்தின் கையில்தான் இருக்கிறது. இதை நான் வகுப்பறையில் கற்கவில்லை. கரும்புத் தோட்டத்தில் கற்றேன்.

பயிரை அளந்து பார்க்கும் பழக்கம் எங்கள் பகுதிக்குப் புதிதன்று. வேடசந்தூரில் புகையிலை ஆராய்ச்சி நிலையம் 1948-ஆம் ஆண்டிலேயே தொடங்கப்பட்டது. இன்றோ, இலையின் பசுமையை ஒளியால் அளக்கும் கருவியும், பழச்சாற்றின் இனிப்பை அளக்கும் கருவியும் சட்டைப்பையில் அடங்கும் அளவுக்கு வந்துவிட்டன. ஆய்வுக்கூட மேசையை விட்டு வயலுக்கு வந்த நாள் முதலே அவற்றுக்குப் பகைவர் மூவர்: தூசி, நீர், வெயில்.

கருவி வேலை செய்யும் விதம்

கை ஒளிவிலகல்மானியை எடுத்துக்கொள்வோம். ஒரு சாண் நீளக் குழாய்; ஒரு முனையில் சாய்வான கண்ணாடி முப்பட்டகம்; மறுமுனையில் கண் வைக்கும் வில்லை. முப்பட்டகத்தின் மேல் இரண்டு மூன்று சொட்டுச் சாறு விட்டு, மூடியைச் சாத்தி, வெளிச்சத்தை நோக்கிப் பிடித்தால், உள்ளே நீலமும் வெண்மையும் சந்திக்கும் ஒரு கோடு தெரியும். அக்கோடு அளவுகோலில் எங்கே நிற்கிறதோ அதுவே விடை.

இதன் அடிப்படை, நாம் படித்த மாறுநிலைக் கோணந்தான். சர்க்கரை கூடக்கூடச் சாற்றின் ஒளிவிலகல் எண் கூடும், கோடு நகரும். ஜெர்மனியின் ஜெனா நகரில் எர்ன்ஸ்ட் ஆபே 19-ஆம் நூற்றாண்டில் இத்தத்துவத்தைக் கருவியாக்கினார். அளவு 'பிரிக்ஸ்' என்னும் ஜெர்மானிய அறிஞரின் பெயரால் வழங்குகிறது. 100 கிராம் கரைசலில் 10 கிராம் சர்க்கரை இருந்தால் அது 10 பிரிக்ஸ். தூய நீரின் ஒளிவிலகல் எண் 20 பாகை செல்சியசில் 1.3330, 10 பிரிக்ஸ் கரைசலுக்கு ஏறத்தாழ 1.3478. அதாவது, ஒரு பிரிக்ஸுக்கான வேறுபாடு மூன்றாம் தசம இடத்தில்தான் தெரிகிறது. இவ்வளவு நுண்ணிய வேறுபாட்டைக் காட்டும் கோட்டின் முன் மெல்லிய நீராவிப் படலம் படிந்தால் என்னவாகும்?

எறும்பு தின்ற சர்க்கரை

சென்ற ஆண்டு வத்தலக்குண்டுப் பக்கம் மாமாவின் கரும்புத் தோட்டத்துக்குப் போயிருந்தேன். வெட்டலாமா, பொறுக்கலாமா என்பது அவருடைய கவலை. முற்றாத கரும்பில் சர்க்கரை குறைவு. முற்றி நாள் கடந்தாலும் சர்க்கரை குறையத் தொடங்கும். கையிலிருந்த கருவியால் அளந்து "20" என்றேன். மாமாவுக்கு மகிழ்ச்சி. வெயிலில் வரப்பின்மேல் கிடந்த கருவியை எடுத்துப் பம்புசெட்டுத் தொட்டியில் முழுதாக அமிழ்த்திக் கழுவினேன், துடைத்து வைத்தேன்.

மறுநாள் காலையில் பார்த்தால் கோடு கலங்கிக் கிடந்தது. என் கண்ணுக்கு 16. மாமா மகனின் கண்ணுக்கு 18. மாமா சிரித்துக்கொண்டே கேட்டார்: "ஏன் மாப்ளே, நேத்து இருபதுன்னே, இன்னைக்குப் பதினாறுங்கிறே. ராத்திரியோட ராத்திரியா சர்க்கரையை எறும்பா தின்னுருச்சு?"

சிரிப்புக்குப் பின்னால் அவருடைய ஓராண்டு உழைப்பு நின்றது. வெட்டுக்கு ஆள் சொல்வதா, நிறுத்துவதா? நான் வாய் திறக்கவில்லை. கண்ணருகே இருந்த வளையத்தைக் கழற்றிப் பார்த்தேன். உள்ளே நீர்த்துளிகள். ரப்பர் வளையம் தட்டையாகி விறைத்திருந்தது. பள்ளத்தில் துடைத்த துணியின் நூலிழை ஒன்றும் கிடந்தது.

வளையம் தடுப்பது எப்படி?

மோட்டார் பழுது பார்ப்பவர் 'ஓ-ரிங்' என்று கேட்டு வாங்குவது இவ்வளையத்தைத்தான். டென்மார்க்கில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய நீல்ஸ் கிறிஸ்டென்சன் 1937-இல் இதற்குக் காப்புரிமை கோரி 1939-இல் பெற்றார். அப்போது அவர் எழுபது வயதைக் கடந்தவர். இதற்கு வழி வகுத்தது அதற்கு நூறாண்டுகள் முன்பு, 1839-இல், சார்லஸ் குட்இயர் கண்ட உண்மை: கந்தகத்தோடு சூடாக்கிய ரப்பர் கோடையில் இளகுவதில்லை, குளிரில் முறிவதில்லை.

உருண்டையான வளையத்தைச் சற்று ஆழம் குறைந்த பள்ளத்தில் வைத்து அழுத்தினால் அது தன் பழைய உருவுக்குத் திரும்ப முயலும். அந்த முயற்சியே இரு சுவர்களையும் உந்தி, இடைவெளியை அடைக்கிறது. வெளியிலிருந்து நீர் அழுத்தும்போது வளையம் பள்ளத்தின் மறு ஓரத்துக்குத் தள்ளப்பட்டு இன்னும் இறுக்கமாக அடைக்கும். பகைவன் தள்ளத் தள்ளக் கதவு மேலும் இறுகுவது போன்றது இது.

ஆனால் நெடுநாள் அழுத்தத்தாலும் வெப்பத்தாலும் ரப்பர் தன் மீள்திறனை இழக்கும். உருண்டையாக இருந்தது தட்டையாகும். இந்நிலை நம் தாய்மார்கள் அறியாததன்று. குக்கர் கேஸ்கட் விறைத்துவிட்டால் ஓரமெல்லாம் ஆவி கசியும்; உடனே "மாத்தணும்" என்பார்கள். அடுப்படியில் உடனே தெரியும் குறை, கருவியில் அளவு பொய்த்த பிறகே தெரிகிறது.

மீள்திறன் போனால் என்ன நேரும் என்பதை உலகமே கண்ட நாள் 1986 ஜனவரி 28. உறைநிலையை ஒட்டிய குளிரில் சாலஞ்சர் விண்ணோடத்தின் உந்துராக்கெட் இணைப்பிலிருந்த வளையம் விறைத்து இடைவெளியை அடைக்கத் தவறியது. புறப்பட்ட 73 வினாடிகளில் விண்ணோடம் சிதறியது; அதிலிருந்த 7 பேரும் மாண்டனர். பின்னர் இயற்பியலார் ஃபெயின்மன், அத்தகைய ரப்பர்த் துண்டைப் பனிநீரில் நனைத்து அதன் விறைப்பை அனைவருக்கும் காட்டினார். அங்கே கெடுத்தது குளிர்; நம் ஊரில் கெடுப்பது வெயில்.

வெயிலும் கிணறும்

என் கருவியில் நீர் புகுந்ததற்குப் பழைய வளையம் பாதிக் காரணம். மீதிக் காரணம் நான். வரப்பில் கிடந்த உலோகக் குழாய் 48 பாகை வரை சூடேறியிருந்தது என்று கொள்வோம். உள்ளே அடைபட்ட காற்றும் அதே சூட்டில் இருக்கும். 28 பாகை நீரில் அமிழ்த்தியவுடன் அக்காற்று குளிர்கிறது. கனஅளவு மாறாதபோது அழுத்தம் தனிவெப்பநிலைக்கு நேர்விகிதம் அல்லவா? 321 கெல்வின் 301 ஆகும்போது அழுத்தம் சுமார் 6 விழுக்காடு குறையும். வளிமண்டல அழுத்தம் ஏறத்தாழ 10 மீட்டர் நீர்த்தம்பத்துக்குச் சமம். அதில் 6 விழுக்காடு என்றால் 60 சென்டிமீட்டர். ஆக, தொட்டியில் ஒரு சாண் ஆழத்தில் கழுவிய கருவி, மேலும் 60 சென்டிமீட்டர் ஆழத்தில் கிடந்தது போல நீரை உள்ளே இழுத்திருக்கிறது!

விலையுயர்ந்த கருவிகளின் மேல் 'ஐ.பி. 67' என்று பொறித்திருப்பார்கள். 6 என்பது தூசி புகாமை. 7 என்பது ஒரு மீட்டர் ஆழ நீரில் 30 நிமிடம் கிடந்தாலும் கெடும் அளவு நீர் புகாமை. ஆனால் அச்சோதனையில் நீருக்கும் கருவிக்கும் உள்ள வெப்ப வேறுபாடு 5 பாகைக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி. நம் சித்திரை வெயிலும் கிணற்று நீரும் அந்த விதிக்கு வெளியே நிற்கின்றன. பொறித்த எண்ணை மட்டும் நம்பி நாம் ஏமாறலாகாது.

எந்த ரப்பர்?

எல்லா ரப்பரும் ஒன்றன்று. கன்னியாகுமரி மாவட்டத்து மரங்களில் வடியும் பாலிலிருந்து வரும் இயற்கை ரப்பர் மீள்திறனில் சிறந்தது. ஆனால் மண்ணெண்ணெய் பட்டால் ஊதிவிடும். இழுபட்ட நிலையில் காற்றிலுள்ள ஓசோன் தாக்கி வெடிப்பு விடும். நைட்ரைல் ரப்பர் எண்ணெயைத் தாங்கும், ஓசோனுக்கு அஞ்சும். சிலிக்கோன் வெயிலையும் குளிரையும் தாங்கும். ஆயினும் நீராவி அதன் ஊடே மெல்லக் கசியும். ஆதலால், நன்றாக மூடிய கருவிக்குள்ளும் நாளடைவில் ஈரம் சேரும். ஈரம் சேர்ந்த இடத்தில் வில்லையின்மேல் பூஞ்சை படரும்.

நாம் செய்யத்தக்கவை

வெயிலில் இருந்த கருவியை நிழலில் ஆறவிட்ட பிறகே கழுவ வேண்டும். அமிழ்த்துவதை விட, ஈரத்துணியால் முப்பட்டகத்தைத் துடைப்பதே நலம். மலிவான கருவிகள் பல நீர் புகாதவை அல்ல என்பதையும் நினைவில் கொள்க. வளையப் பள்ளத்தில் மயிரிழையோ பஞ்சிழையோ கிடக்கலாகாது. ஓர் இழை போதும், அதன் வழியே நீர் ஏறும். நூற்பாலைகள் நிறைந்த வேடசந்தூரில் இதைச் சொல்லவும் வேண்டுமோ! பெட்ரோல், மண்ணெண்ணெய் கொண்டு வளையத்தைத் துடைக்கக் கூடாது. தட்டையான வளையத்தை மாற்றிவிட வேண்டும். புதியதை முறுக்காமல் பொருத்த வேண்டும். வைக்கும் பெட்டியில் ஈரமுறிஞ்சும் சிலிக்காக் களிப் பொட்டலம் இருக்கட்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, அளக்கும் முன் கருவியையே அளந்து பார்க்க வேண்டும். வாலை வடிநீர் 0 காட்ட வேண்டும். 10 கிராம் சர்க்கரையை 90 கிராம் நீரில் கரைத்தால் 10 காட்ட வேண்டும். வெப்பத் திருத்தம் இல்லாத கருவி, 30 பாகைச் சூட்டில் ஏறத்தாழ முக்கால் பிரிக்ஸ் குறைத்துக் காட்டும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

அன்று வேறொரு கருவியை இரவல் வாங்கி, சர்க்கரைக் கரைசலில் சோதித்துவிட்டுக் கரும்பை அளந்தோம். 20-ஐ ஒட்டியே வந்தது. மாமா ஆள் வைத்து வெட்டினார். என் கருவியை நம்பியிருந்தால் நல்ல பருவம் கை நழுவியிருக்கும்.

புதிய வளையம் ஒன்று சில ரூபாய்தான். "இப்பத் தண்ணி போகாதே?" என்று மாமா இன்றும் கேட்கிறார். "நிழல்ல ஆற வச்சுக் கழுவினா போகாது மாமா" என்கிறேன். அறிவியலைப் படிக்கும் நாம், கருவி சொல்லும் எண்ணை ஊருக்குச் சொல்லும் முன், அந்த எண்ணைக் காத்து நிற்கும் வளையத்தை ஒருமுறை பார்த்துவிடுவோமாக!